நாற்பது வரை

கல்வெட்டு அக்கா எங்கே என்று கேட்டால், அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் கையை நீட்டி டிரம் கொட்டகையைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கல்வெட்டு என்று பேர் வைத்தவன் பம்ப் அறையில் வேலை பார்க்கும், எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன். ஒருநாள் டீ குடிக்கிற இடத்தில் யாரோ அவள் எழுதும் நோட்டைப் பற்றிச் சந்தேகமாக ஏதோ கேட்கப்போக, "அக்கா எழுதிட்டா அது கல்வெட்டுங்க. மழை பெஞ்சாலும் அழியாது, மேனேஜரே வந்து தேய்ச்சாலும் அழியாது" என்று சொல்லிவைத்தான். சொன்னவன் அடுத்த நிமிஷமே மறந்துவிட்டான். பேர் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலையைச் சொன்னால் வெளியாட்களுக்குச் சிரிப்புதான் வரும். பத்துக் கண்ணாடி டம்ளரில் பத்து மண் உருண்டையைப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவள் தம்பி பெண்டாட்டியே வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த எண்ணிக்கையின் மேல்தான் அங்கே மேடு நின்றது.

மலையிலிருந்து லாரி லாரியாக மண் வரும். மேலாக வெட்டினால் சிவப்பு மண், ஆழமாக வெட்டினால் பச்சைக் கல். இரண்டிலும் நிக்கல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு மண் பிசுக்குப் பிடித்தது, கையில் ஒட்டினால் மூன்று முறை கழுவ வேண்டும். பச்சைக் கல் ஊற்ற ஊற்ற ஆசிட்டைக் குடிக்கிற குடிகாரன். அதனால் இரண்டையும் அளவாகக் கலந்து, உடைத்து, சலித்து, டிரம்மில் கொட்டுவார்கள். ஒரு வீடு அளவுக்குப் பெரிய டிரம், படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆசிட்டும் தண்ணீரும் தெளிக்கத் தெளிக்க மண் புரண்டு புரண்டு கோலிக்குண்டு அளவில் உருண்டை பிடித்து மறுமுனையில் விழும். அதைப் பெல்ட்டில் ஏற்றி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மேடாகக் குவிப்பார்கள். நாலு ஆள் உயரம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கப் பத்து நிமிஷமாகும்.

மேட்டின் தலையில் குழாய் பரப்பிச் சொட்டுச் சொட்டாக ஆசிட் தண்ணீர் விடுவார்கள். அது உருண்டைகளின் இடுக்கு வழியே இறங்கி, நிக்கலைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பச்சைப் பசேலென்று அடிவாரக் கால்வாயில் வந்து விழும். உருண்டை உருண்டையாகவே இருக்கிறவரைக்கும் ஒரு பயமும் இல்லை. கரைந்து பழையபடி சேறாகிவிட்டால் தண்ணீருக்கு வழி அடைத்துக்கொள்ளும். மேடு அத்தனை தண்ணீரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கும், நிற்க முடிகிறவரைக்கும்.

அதற்குத்தான் டம்ளர். டிரம்மிலிருந்து விழுகிற உருண்டைகளில் பத்தை எடுத்து ஒரு தட்டில் வைத்து ஒருநாள் இறுகவிட்டு, மறுநாள் ஆசிட் தண்ணீரில் போட்டு எண்ணுவாள். நாற்பது எண்ணும்வரை கரையாமல் இருந்தால் நல்ல உருண்டை. அதற்குள் கரைந்தால் கலவையை மாற்றச் சொல்வாள். பதினான்கு வருஷமாக எண்ணுகிறாள். ஒருமுறை மேஸ்திரி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் எண்ணுவதைச் சோதித்தார். நாற்பதுக்கு நாற்பது விநாடி, முன்னேபின்னே கிடையாது. அன்றிலிருந்து அவர் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார்.

அந்த வருஷம் மழை அடம்பிடித்துப் பெய்தது. பிடித்த மூன்றாம் நாளே கொட்டகையின் தகரக் கூரை ஜன்னலுக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. உருண்டைத் தட்டு வைக்கிற ஜன்னல் மேடை முழுக்க ஈரம். மேஸ்திரியிடம் சொன்னாள். மழை நிற்கட்டும், ஆள் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். சோதனை உருண்டை நனையக் கூடாதே என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டிரம்மைச் சுழற்றுகிற மோட்டாரின் இரும்பு மூடிமேல் தட்டைத் தூக்கி வைத்தாள். கொட்டகையில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலையில் வைத்தால் மத்தியானம் அடுப்பிலிருந்து இறக்கினமாதிரி சோறு ஆவி பறக்கும். பாத்திரங்களைக் கொஞ்சம் நெருக்கிவிட்டுத் தட்டுக்கு இடம் பண்ணினாள்.

அதற்கப்புறம் மழையிலும் உருண்டைகள் கெட்டியாக நின்றன. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். இந்த ஈரத்திலும் இப்படி நிற்கிறதென்றால் தைரியமாகச் சிவப்பு மண்ணைக் கூட்டிப் போடலாம் என்று மேலே பேசி உத்தரவு வாங்கிவிட்டார். டிரம்மில் வந்து விழுந்த மண் பார்க்கவே நசநசவென்றிருந்தது. அவளுக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் டம்ளர் நிற்கிறது என்கிறதே. தான் எண்ணினதைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் மேட்டில் குழாய் பரப்புகிற குழுவுக்குத் தலைவர். அவருக்குக் கீழே ஏழு பேர். காலையில் மேட்டின் தலையில், பதினொரு மணிக்கு மேல் அடிவாரக் கால்வாயில் சேறு அள்ளுகிற வேலை. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

மழை பிடித்துப் பதினாறு நாளான ஒரு சாயங்காலம், சமையலறை வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டார். தொப்பென்று விழுந்தது. முழங்கால்வரை மஞ்சள் சேறு. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடு குடிக்க மாட்டேங்குது" என்றார்.

"குழாயை ஒழுங்காப் போட்டா குடிக்கும்."

"குழாய் நல்லாத்தான் இருக்கு. மேல குளம் கட்டி நிக்குது. காலை வெச்சா உள்ள இழுக்குது. கீழ கால்வாயில பச்சைத் தண்ணி நூலாட்டம் வருது. உன் உருண்டையைக் கொஞ்சம் பாரேன்."

"என் உருண்டை ஐம்பதுக்கு நிக்குது. நோட்டைக் கொண்டாந்து காட்டவா?"

"நான் நோட்டு மேல நடக்கலை. மேட்டு மேல நடக்கறேன்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் டீ குடிக்கிற இடத்தில், பத்துப் பேர் இருக்கும்போது, அவள் காதுபடவே, "எங்க வீட்டம்மா உருண்டையெல்லாம் டம்ளர்லதான் நிக்கும், மேட்டுல நிக்காது" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடட்டும், ஊர் வாயில் போட்டு மெல்லவிடுவதா? டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அன்று மூடின வாய்தான்.

பன்னிரண்டு நாள் வீட்டில் பேச்சு மகள் வழியாகத்தான் போயிற்று. இருக்கிற வீடோ ஒரு அறையும் சமையலறையும். "அப்பாவைக் குளிச்சிட்டு வரச் சொல்லு" என்று அவள் சொல்வாள், அவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "காதுல விழுந்துச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேருமே எனக்குச் சம்பளம் தரணும்" என்றாள்.

தொழிற்சாலையில் அந்த வேலையை மாப்பிள்ளை பார்த்தான். வழக்கமாக மத்தியானம் வீட்டுக்காரர் டிரம் கொட்டகைக்கு வந்து, மோட்டார் மூடிமேல் சுட்டிருக்கும் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். சண்டைக்குப் பிறகு வருவதில்லை. மாப்பிள்ளை வந்து அவர் பாத்திரத்தை வாங்கிப்போவான். அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் அவனுக்கு மாமா, அவருக்கு அவன் மாப்பிள்ளை. அதையே ஊரும் பிடித்துக்கொண்டது. நாற்பது வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. ஆசிட் வாடையிலேயே நாளெல்லாம் இருக்கிறவன் இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் வரமாட்டான். மேட்டின் அடிவாரத்தில் இருந்த பம்ப் அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியடித்து அதில் மாற்றுச் சட்டை வேறு. யாராவது மாப்பிள்ளை பார்க்க வந்தால் என்ன செய்வது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

"மாமா உங்ககிட்டப் பேசணும்னு துடிக்கிறார் அக்கா. வாய்தான் வர மாட்டேங்குது" என்று தினமும் ஒன்று சொல்வான். அங்கே போய், "அக்கா அழுதுட்டு இருக்கு மாமா" என்பான். இரண்டும் புளுகு. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

ஆனால் அவன் சொன்னதில் புளுகு இல்லாததும் இருந்தது. பேச்சுவாக்கில் சொல்வான். மேட்டின் அடிவயிற்றில் ஈரம் கசிகிறது, வேர்க்கிறமாதிரி. பம்ப் அறைக் கதவு நாலு நாளாக இறுகிக்கொண்டது, தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. மேலே நட்டிருந்த அளவுக் கொம்பு ஒன்று சாய்ந்துவிட்டது, காற்று என்கிறார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். உடனே நோட்டைத் திறந்து பார்ப்பாள். ஐம்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. மனசு கொஞ்சம் அடங்கும்.

"உனக்குப் பயமா இல்லையா, அதுக்கு அடியிலயே உக்காந்திருக்கியே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எனக்கென்ன பயம்? நீங்க கையெழுத்துப் போட்ட மேடு அக்கா அது. அதுக்கடியில பாய் போட்டுத் தூங்குவேன்" என்றான்.

மழை பிடித்து இருபத்தெட்டு நாள் ஆயிற்று. அன்று காலை வேலை தொடங்கின கொஞ்ச நேரத்தில் மோட்டாரின் பேரிங் கிறீச்சென்று கத்தியது. டிரம்மை நிறுத்திவிட்டு, புதுப் பேரிங் வருகிறவரைக்கும் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சத்தமில்லாத கொட்டகை என்னவோபோல் இருந்தது. மழை தகரத்தில் விழுவதும், ஜன்னல் மேடையில் சொட்டுவதும் மட்டும்தான் கேட்டது.

டிரம் நின்றால் என்ன, நிறுத்துவதற்கு முன் எடுத்த பத்து உருண்டை தட்டில் இருக்கிறதே. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் டம்ளர்களை வரிசையாக வைத்து ஆசிட் தண்ணீர் ஊற்றினாள். முதல் உருண்டையைப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு என்னும்போது உருண்டையின் விளிம்பிலிருந்து புகை மாதிரி சேறு கிளம்பியது. ஐந்தில் பிளந்தது. ஆறில் டம்ளரின் அடியில் மஞ்சள் சேறுதான் கிடந்தது.

டம்ளர் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று வேறு டம்ளர் எடுத்தாள். ஐந்து. மூன்றாவது, ஆறு. நாலாவது உருண்டையை எடுக்கும்போதே விரலில் அமுங்கியது. கை தானாக நின்றுவிட்டது. இருபத்தாறு நாளாக ஒரு உருண்டைகூட விரலில் அமுங்கியதில்லை.

பின்னால் டிரம் ஓட்டுகிறவர் தன் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னைக்கும் சோறு பச்சைத் தண்ணியா இருக்கு. மோட்டாரு ஓடலைன்னா சாப்பாட்டுக்கும் வந்துச்சு கேடு" என்றார்.

அவள் திரும்பி அந்த இரும்பு மூடியைப் பார்த்தாள். போய்க் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. 

இருபத்தாறு நாள். ஜன்னல் மேடை ஒழுகுகிறதென்று தட்டைத் தூக்கி இங்கே வைத்ததிலிருந்து, சோற்றோடு சோறாக உருண்டையும் சூட்டில் வெந்திருக்கிறது. வெந்த உருண்டையை எடுத்து எண்ணியிருக்கிறாள். மேட்டுக்குப் போன உருண்டைகளை எந்த மோட்டார் சுட்டது? அவை மழைக்குள் போய் விழுந்தன. ஒவ்வொன்றும் ஐந்து எண்ணுவதற்குள் கரைந்திருக்கும். அத்தனையும் சேறு. நாலு ஆள் உயரத்துக்குச் சேறு, அதன் தலையில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, அதன் அடிவாரத்தில் இந்த நேரத்துக்கு அவள் வீட்டுக்காரர் ஏழு பேரோடு குனிந்து கால்வாயில் சேறு அள்ளிக்கொண்டிருப்பார். 

நோட்டை விரித்தாள். அன்றைய தேதி போட்டிருந்தது, எதிரே காலியாக இருந்தது. பேனாவை எடுத்தாள். ஐந்து என்று எழுதினால் முந்தின இருபத்தாறும் பொய் என்று எழுதினமாதிரி. மேஸ்திரியைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று போனைப் போட்டாள். பதினான்கு வருஷத்தில் கேட்டுவிட்டு எழுதலாம் என்று அவள் நினைத்தது அன்று ஒருநாள்தான்.

மேஸ்திரி முதலில் நம்பவில்லை. அப்புறம் குரல் தாழ்ந்தது. "இப்ப ஒண்ணும் எழுதாதீங்கம்மா. நாலு மணிக்கு மீட்டிங் இருக்கு, அங்க பேசிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க, ஆளுங்க மிரண்டுடுவாங்க" என்றார். அடிவாரத்தில் இருக்கிறவர்களையாவது விலகச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சினாள். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பேனாவை மூடி வைத்தாள். அப்போதுதான் மாப்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான், பாத்திரம் வாங்கிப்போக. இளநீலச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

அவனிடம் ஒரே மூச்சில் கொட்டினாள். மூடி, சூடு, சோறு, ஐந்து, சேறு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அவன் பொறுமையாகக் கேட்டான். டம்ளர்களை எட்டிப் பார்த்தான். அப்புறம் நோட்டைப் புரட்டினான்.

"இன்னைக்கு ஒண்ணும் எழுதலையே அக்கா."

"எழுதலை. ஆனா உண்மை அதுதான்."

"இருபத்தாறு நாள் எழுதினது உண்மை இல்லை, எழுதாதது உண்மையா?" சிரித்தான். "மாமா சொன்னது மனசுல ஏறிப்போச்சு உங்களுக்கு. பன்னெண்டு நாள் சண்டை போட்டா இப்படித்தான் ஆகும். வாங்க, நீங்களே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குடுங்க. ராசியாகிடலாம்."

அவள் நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். அவன் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு, "மெதுவா அக்கா, வழுக்கும்" என்று பின்னாலேயே வந்தான்.

மேட்டை அவள் கிட்டத்தில் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது. அவள் நினைவில் இருந்த மேடு சரளைக் குவியல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இப்போது நின்றது வழவழவென்று, பிசைந்து வைத்த மாவு மாதிரி. இடுப்பு உயரத்தில் நீளவாக்கில் வெளியே பிதுங்கியிருந்தது. கால்வாயில் பச்சைத் தண்ணீரே இல்லை, மஞ்சளாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் முதுகை மேட்டுக்குக் காட்டிக்கொண்டு குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க" என்றாள்.

வீட்டுக்காரர் நிமிர்ந்தார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள்.

"நீங்க சொன்னதுதான் சரி. உருண்டை நிக்கலை. ஒருநாள்கூட நிக்கலை. நான் எழுதினது அத்தனையும் தப்பு. இங்கிருந்து வாங்க. எல்லாரும் வாங்க."

பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினார் என்று வாயை மூடிக்கொண்டவள், ஏழு பேர் முன்னால் தன் பதினான்கு வருஷத்தைத் தூக்கித் தரையில் போட்டாள். வீட்டுக்காரர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினார்.

"மண்வெட்டி, கூடை எதையும் எடுக்காத. ரோட்டுக்குப் போ. ஓடு."

அவர் வலது பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை உருவிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டி, லாரி போகிற தார் ரோட்டின் அந்தப் பக்கத்தில் எல்லோரும் போய் நின்றார்கள். அவள் எண்ணினாள். எட்டுப் பேர். அவளும் மாப்பிள்ளையும் சேர்த்துப் பத்து. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மேட்டின் தலையில் குழாய்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் பம்ப் அறையின் சத்தம் சீராகக் கேட்டது.

"பம்ப்பு ஓடுது" என்றார் வீட்டுக்காரர். "ஆபீசுக்குப் போன் போட்டு மெயின்ல நிறுத்தச் சொல்லு."

ஒருவன் போட்டான். யாரும் எடுக்கவில்லை, சாப்பாட்டு நேரம்.

"இதுக்கு ஏன் மாமா ஆபீசு? இதோ கூப்பிடு தூரம், நானே போய் நிறுத்திட்டு வரேன்" என்று மாப்பிள்ளை பாத்திரத்தை அவரிடம் நீட்டினான்.

"வேணாம்டா. போகாத."

"இன்னும் இன்னும் தண்ணி ஏறிட்டு இருந்தா நல்லதா? சுவிச்சைத் தட்டறதுக்கு எவ்வளவு நேரம்?" அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க நாப்பது எண்ணுங்க. முடிக்கிறதுக்குள்ள வந்து நிப்பேன்."

"ஓடிப் போ. ஓடி வா" என்று அவள் கத்தினாள்.

"சரி, சரி" என்று கையை ஆட்டினான். குடையை விரித்துக்கொண்டான்.

அவன் ஓடவில்லை. ஓடியிருந்தால் வந்திருப்பான். அதை நினைத்து நினைத்துத்தான் அவள் பிறகு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டாள். குட்டைகளைச் சுற்றிக்கொண்டு, பேண்ட்டில் சேறு தெறிக்காமல், கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். அவளுக்கு வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. பத்தில் வாய்க்காலைத் தாண்டினான். பதினாறில் பம்ப் அறை வாசலில் குடையை மடக்கி உதறினான். பதினெட்டில் கதவைத் தோளால் முட்டினான். திறக்கவில்லை. பத்தொன்பதில் இன்னொரு முறை முட்டி உள்ளே போனான்.

இருபத்திரண்டில் பம்ப்பின் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டான்.

இருபத்துமூன்று. இருபத்துநாலு. ஏன் இன்னும் வெளியே வரவில்லை? ஆணியில் தொங்குகிற மாற்றுச் சட்டையை எடுக்கிறானோ என்னவோ. வீட்டுக்காரர், "மாப்பிள்ளே" என்று அடித்தொண்டையில் கத்தினார். இருபத்தாறில் அவன் வாசலில் தெரிந்தான், கையில் மடித்த சட்டை இருந்தது.

இருபத்தேழில் மேட்டின் தலை இறங்கியது. இடி மாதிரி ஏதாவது கேட்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேலே இருந்த குழாய்கள் வரிசை கலையாமல் அப்படியே கீழே உட்கார்ந்தன, பிதுங்கியிருந்த இடுப்பு வாய்விட்டுத் திறந்தது, மஞ்சளாக எல்லாம் முன்னால் வந்தது. கால்வாய் போயிற்று. மண்வெட்டிகளும் கூடைகளும் ஒற்றைப் பூட்ஸும் போயிற்று. பம்ப் அறையின் தகரக் கூரை கொஞ்ச தூரம் மிதந்து வந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே போயிற்று. வாய்க்கால்வரை வந்து அது நின்றது.

ஏழு பேரும் கூவிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். இடுப்புவரை புதைந்து, ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆசிட் பட்ட கால்கள் எரிய எரிய மறுபடியும் போனார்கள். அவர்கள் முதலில் ஓடினபோது அவள் நின்ற இடத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு, முப்பத்தைந்து. வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு அவரும் சேற்றில் இறங்கினார். அவள் நிறுத்தவில்லை. நாற்பது என்று சொல்லிவிட்டு, அவன் வருகிறானா என்று பார்த்தாள்.

அவனை எடுக்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் மழை விட்டது. நாலாம் நாள் யாரோ கூரையில் ஏறி ஓட்டையை அடைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். ஆபீஸ் அறையில் நீள மேஜை, அதன்மேல் அவள் நோட்டு. அதன் ஓரங்களில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. வீட்டுக்காரரும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலிலும் கட்டு. மேஸ்திரி தனக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். நடுவில் உட்கார்ந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐம்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. கடைசிப் பக்கத்தில் தேதிக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்தப் பம்ப் அறைக்காரர் ஆபத்து இருந்தும் உள்ள போயிருக்கார். நீங்க அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லலையாம்மா?"

அவள் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் சார்" என்றாள். "எழுதலை."